கடிதத்தில் போன் நம்பர் இருந்தது, தீர்ப்பாயம் ஏன் அழைத்துக் கேட்கவில்லை?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட வரையில் விஷயம் இதுதான். உங்கள் மச்சான் மாணவர் விசாவில் மெல்பேர்ண் வந்து, பிறகு தஞ்சம் கேட்டவர். குடிவரவுத் திணைக்களம் மறுத்தது. தீர்ப்பாயமும் மறுத்துவிட்டது. ஊர்ப் பங்குத்தந்தை எழுதித் தந்த கடிதம் ஒன்றை அவர் கொடுத்திருந்தார். அதன் தலைப்பில் ஆலயத்தின் போன் நம்பரும் மின்னஞ்சலும் இருந்தன. தீர்ப்பாய உறுப்பினர் அதைப் பற்றி எழுதியது ஒரே வரி: விண்ணப்பதாரர் சொல்வதையே நம்ப முடியாததால் கடிதத்துக்கும் எடை கொடுக்க முடியாது. "ஒரு போன் அடித்திருந்தால் உண்மை தெரிந்திருக்குமே, விசாரிப்பது அவர்கள் கடமை இல்லையா? இயற்கை நீதியை மீறிவிட்டார்கள் என்று கோர்ட்டுக்குப் போகலாமா?" என்று கேட்கிறீர்கள். (இயற்கை நீதி என்றால், ஒருவருக்கு எதிராக முடிவெடுக்கும் முன் அவர் பக்கத்தை நியாயமாகக் கேட்க வேண்டும் என்ற விதி.)

விசாரிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு. கடமை, மிக அரிதான நிலைமைகளைத் தவிர, இல்லை. அதனால் போன் அடிக்கவில்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால் பெரும்பாலும் தோல்விதான். ஆனால் கடிதத்தின் மேல் இருந்த சந்தேகத்தை, அல்லது மச்சான் கதையின் மேல் இருந்த சந்தேகத்தை, தீர்ப்பாயம் அவரிடம் நேரே சொல்லிப் பதில் கேட்டதா? அந்த இடத்தில்தான் சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. இரண்டையும் விரிவாகச் சொல்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. பல வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு, இப்போது இலவச சட்ட உதவி நிலையம் ஒன்றில் கோப்புகளோடு மாரடிக்கிறவன். இதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோர்ட் என்றால் நமக்குத் தெரிந்த காட்சி ஒன்று உண்டு. இரண்டு பக்கம் வக்கீல்கள், நடுவில் நீதிபதி. அகதித் தீர்ப்பாயம் அப்படி இல்லை. எதிர்த்தரப்பு என்று யாரும் வந்து உட்காருவதில்லை. ஒரு உறுப்பினர், விண்ணப்பதாரர், மொழிபெயர்ப்பாளர், இருந்தால் ஒரு பிரதிநிதி. கேள்வி கேட்பதும் உறுப்பினர்தான், பதிலை எடைபோடுவதும் அவர்தான். சாட்சியச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் கிடையாது. 1993இல் தொடங்கிய ஆர்.ஆர்.டி. எனும் அகதிகள் மீளாய்வுத் தீர்ப்பாயம் இப்படித்தான் இருந்தது. 2015 ஜூலையில் அது ஏ.ஏ.டி. எனும் நிர்வாக மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குள் போனது. 2024 அக்டோபர் 14 முதல் ஏ.ஆர்.டி., அதாவது நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயம், என்று பெயர். பலகை மாறியதே தவிர இந்த அமைப்பு மாறவில்லை.

விசாரணை முறையில் நடப்பது என்று சொல்லிவிட்டு விசாரிக்காமல் இருந்தால் எப்படி என்பது நியாயமான கேள்விதான். குடிவரவுச் சட்டத்தின் பழைய 424ஆம் பிரிவு, தீர்ப்பாயம் தனக்குத் தேவை என்று படும் எந்தத் தகவலையும் பெறலாம் என்றது. 427ஆம் பிரிவு, ஒரு புலனாய்வையோ மருத்துவப் பரிசோதனையையோ செய்யச் சொல்லித் திணைக்களத்தைப் பணிக்கலாம் என்றது. இரண்டிலும் இருப்பது ‘லாம்’, ‘வேண்டும்’ அல்ல. அந்த ஒரு விகுதிக்குள்தான் முப்பது வருட வழக்குகள் அடங்கிக் கிடக்கின்றன. அது போதாதென்று 2015இல் 5ஏஏஏ என்ற புதுப் பிரிவைச் சேர்த்தார்கள். தன் கோரிக்கையின் முழு விபரத்தையும் சொல்வதும், அதை நிலைநாட்டப் போதுமான ஆதாரம் தருவதும் விண்ணப்பதாரரின் பொறுப்பு. அதில் உதவவேண்டிய கடமை அரசுக்கு இல்லை என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது.

இனி, இந்த விஷயத்தில் எல்லோரும் போய் முட்டிக்கொள்ளும் வழக்குக்கு வருகிறேன். பெயர் எஸ்.இசட்.ஐ.ஏ.ஐ. அகதி வழக்குகளில் விண்ணப்பதாரரின் பெயரைக் கோர்ட் வெளியிடக்கூடாது என்பதால் இப்படி எழுத்துகளை ஒட்டவைப்பார்கள். ஆளைப் பாதுகாக்கத்தான், ஆனால் படிக்கிறவனுக்கு வண்டி நம்பர் மாதிரி இருக்கும். அவர் பங்களாதேஷ்காரர். இஸ்லாத்தின் அகமதியா பிரிவுக்கு மாறியதால் ஊரில் ஆபத்து என்றார். அதற்கு ஆதாரமாக பங்களாதேஷ் அகமதியா அமைப்பிடமிருந்து என்று சான்றிதழ்கள் கொடுத்தார். தீர்ப்பாயம் என்ன செய்தது தெரியுமா? நீங்கள் கேட்பதைத்தான் செய்தது. விசாரித்தது. அவுஸ்திரேலியாவிலுள்ள அகமதியா சங்கத்துக்கு அந்தச் சான்றிதழ்களை அனுப்பியது, அவர்கள் பங்களாதேஷ் தலைமையகத்தைக் கேட்டார்கள், போலி என்று பதில் வந்தது.

தீர்ப்பாயம் அந்தப் பதிலை அவருக்கு எழுத்தில் தெரிவித்து, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டது. அவருடைய சட்டத்தரணிகள் மறுப்புச் சொன்னார்கள். மறுப்பைத் தாண்டி உருப்படியாக ஒன்றும் கொடுக்கவில்லை. கோரிக்கை தள்ளுபடி. பிறகுதான் வாதம் பிறந்தது. சான்றிதழ்களில் கையெழுத்திட்டவர்களின் தொலைபேசி எண்கள் இருந்தனவே, அவர்களை நேரே அழைத்துக் கேட்டிருக்க வேண்டாமா? ஃபெடரல் கோர்ட் நீதிபதி ஆம், கேட்டிருக்க வேண்டும் என்றார். குடிவரவு அமைச்சர் மேல்முறையீடு செய்தார். 2009 செப்டம்பரில் ஹைகோர்ட் அதை மாற்றிவிட்டது. (இங்கே ஹைகோர்ட் என்றால் அதுதான் கடைசிப் படி. நம்மூர் நினைப்பில் இதற்கு மேலே இன்னொன்று இருக்கிறது என்று எண்ணிக் கொள்ளாதீர்கள்.)

அந்தத் தீர்ப்பில் ஒரே ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். தீர்ப்பாயத்தின் கடமை மீளாய்வு செய்வது, பொதுவாகப் போய்த் தேடுவது அல்ல. ஆனால், முக்கியமான ஓர் உண்மையைப் பற்றி, கண்ணெதிரே தெரிகிற ஒரு விசாரணையை, விடை எளிதில் கிடைக்கக்கூடிய நிலையிலும் செய்யாமல் விட்டால், சில சந்தர்ப்பங்களில் மீளாய்வே நடக்கவில்லை என்று சொல்ல இடமுண்டு. எத்தனை நிபந்தனை பாருங்கள். யார் பார்த்தாலும் ‘இதைக் கேட்டிருக்கலாமே’ என்று தோன்ற வேண்டும். கேட்கப்படுவது வழக்கின் மையத்தில் இருக்க வேண்டும். விடை சுலபமாக, சந்தேகமில்லாமல் வர வேண்டும். இதன் வேர் 1985இல் ஃபெடரல் கோர்ட் தீர்த்த பிரசாத் வழக்கு வரை போகிறது. கைக்கெட்டும் தூரத்தில் மையமான தகவல் கிடக்க, அதை எடுக்காமல் முடிவெடுப்பது அறிவுக்குப் பொருந்தாது என்பது அதன் சாரம்.

அந்த பங்களாதேஷ்காரர் ஜன்னல் வழியாக நுழைய முடியாமல் போனதற்குக் காரணம் அவர் கேட்டது தவறென்பதல்ல. அழைத்திருந்தால் மறுமுனையில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று கோர்ட்டின் முன் ஒன்றும் இல்லை. கையெழுத்திட்டவரிடமிருந்து ஒரு சத்தியக்கடதாசிகூட வரவில்லை. இதைத்தான் நான் கோப்போடு வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்பேன்: அழைத்திருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பதை இப்போது நீங்கள் காட்ட முடியுமா? தீர்ப்பாயம் போன் அடிக்கவில்லை என்று கோபப்படுகிறவர்களில் பாதிப்பேர், தாங்களே இன்னும் அந்த நம்பருக்கு அழைக்கவில்லை.

மச்சானின் கடிதத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஃபாதர் என்ன எழுதியிருக்கிறார் என்று நீங்கள் சொல்லவில்லை. "இவரை எனக்குச் சிறுவயது முதல் தெரியும், ஊரில் இவருக்குப் பிரச்சினை இருப்பதாக அறிகிறேன், உதவி செய்யவும்" என்கிற ரகமென்றால், அழைத்துக் கேட்டாலும் அவர் அதையேதான் சொல்லுவார். கடிதம் உண்மையாக ஃபாதரே எழுதியது என்பது உறுதியாகும். எழுதியிருப்பது உண்மை என்று உறுதியாகாது. தீர்ப்பாயங்கள் இந்த வித்தியாசத்தை நன்றாகப் பிடித்து வைத்திருக்கின்றன. மாறாக, "இன்ன மாதம் இன்ன திகதி சி.ஐ.டி.யினர் ஆலய வளவுக்கு வந்து இவரைப் பற்றி என்னிடம் விசாரித்தார்கள், நான் அங்கே இருந்தேன்" என்று எழுதியிருந்தால் கதை வேறு. அது நேரில் கண்ட சாட்சியம், வழக்கின் நடு நரம்பு. அப்படியான கடிதத்தை ஒரே வரியில் ஒதுக்கியிருந்தால் சண்டை போடலாம், போட வேண்டும்.

அந்த ஒரே வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘ஆளை நம்பவில்லை, ஆகவே கடிதத்தையும் நம்பவில்லை’ என்று எழுதுவது தீர்ப்பாய முடிவுகளில் அடிக்கடி கண்ணில் படும். 2003இல் ஹைகோர்ட்டில் ஒரு வழக்கு, எஸ்20. கிணற்றில் மீட்க முடியாதபடி நஞ்சு கலந்துவிட்ட பிறகு துணைச் சாட்சியத்துக்கு எடை கொடுக்காமல் விடலாம் என்று இரண்டு நீதிபதிகள் அதில் எழுதினார்கள். உறுப்பினர்களுக்கு அது வசதியான வாசகமாகிவிட்டது. ஆனால் அது ஒரு விதிவிலக்கு. ஆதாரங்களையெல்லாம் ஒன்றாக வைத்துத்தான் பார்க்க வேண்டும். முதலில் ஆளைப் பொய்யன் என்று தீர்த்துவிட்டு, பிறகு மிச்சத்தைக் குப்பையில் போடக்கூடாது. நஞ்சு உண்மையிலேயே கலந்திருந்ததா, அல்லது ஒரு திகதி மாறிப்போனதைத்தான் நஞ்சு என்கிறார்களா என்று முடிவை வரிவரியாகப் படியுங்கள்.

இதே கேள்வியை வேறு நாடுகள் எப்படிப் பார்க்கின்றன என்று கொஞ்சம் எட்டிப் பார்த்தால், அவுஸ்திரேலியா எவ்வளவு இறுக்கம் என்று தெரியும். ஐ.நா. அகதிகள் ஆணையகத்தின் கைநூல், 196ஆம் பந்தியில், ஆதாரச் சுமை விண்ணப்பதாரர் மேலே என்றாலும் உண்மைகளைக் கண்டறிந்து மதிப்பிடும் கடமை அவருக்கும் விசாரிப்பவருக்கும் பொதுவானது என்கிறது. தப்பி ஓடி வருகிறவன் பைல் கட்டிக்கொண்டு வரமாட்டான் என்பதுதான் அதன் அடிப்படை. 5ஏஏஏ பிரிவை எழுதியவர்கள் இந்தப் பந்தியைப் படிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். படித்துவிட்டுத்தான் எழுதினார்கள்.

பிரித்தானியாவில் நம்மவர் ஒருவரின் வழக்கு இருக்கிறது, பி.ஜே. (ஸ்ரீலங்கா), 2014, மேன்முறையீட்டு நீதிமன்றம். இலங்கையிலுள்ள சட்டத்தரணிகள் நீதவான் நீதிமன்றக் கோப்பிலிருந்து எடுத்துக்கொடுத்த பிரதிகளைக் கீழ்த் தீர்ப்பாயம் நம்பவில்லை. ஆவணங்களைச் சரிபார்க்கும் பொதுவான கடமை அரசுக்கு இல்லை என்பதை மேன்முறையீட்டு நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஆனால் ஆவணம் கோரிக்கையின் மையத்தில் இருந்து, ஒரு எளிய விசாரணையால் அதன் உண்மைத்தன்மையை முடிவாகத் தீர்க்க முடியுமானால், சரிபார்க்கும் கடமை எழலாம் என்றது. சுயாதீனமான சட்டத்தரணிகள் நேரே கோர்ட்டில் எடுத்த பிரதியைச் சரியான காரணமில்லாமல் தள்ளியது பிழை என்றும் சொன்னது. ஊரில் கேஸ் இருக்கிறது, பிடியாணை இருக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு இது முக்கியம். நீதிமன்றக் கோப்பு இலக்கம் தெரிந்தால், அது சரிபார்க்கக்கூடிய பொருள். ஃபாதரின் கடிதம் அந்த அளவுக்கு அல்ல.

அதைவிட எனக்குப் பிடித்தது ஸ்ட்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012 அக்டோபரில் பெல்ஜியத்துக்கு எதிராகத் தீர்த்த வழக்கு. ஒரு சீக்கியக் குடும்பம், தாங்கள் ஆப்கானியர்கள் என்றார்கள். பெல்ஜிய அதிகாரிகள், நீங்கள் இந்தியர்கள் என்றார்கள். புதுடில்லியில் தங்களை ஐ.நா. அகதிகள் ஆணையகம் பதிவு செய்திருந்ததைக் காட்டும் மின்னஞ்சல்களைக் குடும்பம் கொடுத்தது. மின்னஞ்சலை யாரும் உருவாக்கலாம் என்று அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். ஸ்ட்ராஸ்பேர்க் நீதிபதிகள் விட்டுவைக்கவில்லை. ஆணையகத்தைக் கேட்டிருந்தால் எளிதில் தெரிந்திருக்கும், கேட்காமலே தள்ளியது ஐரோப்பிய மனித உரிமைச் சாசனத்துக்கு விரோதம் என்றார்கள். என் கருத்தைச் சொல்வதென்றால், ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டால் பிழையைத் திருத்த வழியே இல்லாத ஒரு விஷயத்தில், அந்த அளவு சிரத்தையாவது எதிர்பார்ப்பது அதிகமில்லை. ஆனால் பெல்ஜியத்தைக் கட்டுப்படுத்தும் அந்தச் சாசனம் இங்கே செல்லாது. கான்பெராவில் அதை மேற்கோள் காட்டினால் மரியாதையாகக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள்.

சரி, விசாரிக்கச் சொல்லிக் கேட்கிறோமே, விசாரணை எப்போதும் நமக்குச் சாதகமா? பங்களாதேஷ்காரரை மூழ்கடித்தது விசாரிக்காதது அல்ல, விசாரித்ததுதான். அடுத்து, யாரிடம் விசாரிப்பது? ஒருவர் பொலிஸுக்குப் பயந்து ஓடிவந்திருக்கிறார் என்றால், அந்தப் பொலிஸ் நிலையத்தையே அழைத்து "இவர் மேல் முறைப்பாடு இருக்கிறதா" என்று கேட்டால் என்ன ஆகும்? இவர் வெளிநாட்டில் தஞ்சம் கேட்டிருக்கிறார் என்ற செய்தியை நாமே கொண்டுபோய்க் கொடுத்ததாகிவிடும். வீட்டில் தாய் தகப்பன் இருக்கிறார்கள். கிராம சேவகர் கடிதமென்றாலும் இதே கதைதான். அவர் அரச ஊழியர். பிரச்சினையில்லாத நாளில் உதவி செய்து எழுதிக் கொடுத்தவர், வெளிநாட்டிலிருந்து ஒரு அதிகாரி போனில் ஆங்கிலத்தில் கேட்டால் பயத்தில் "நான் எழுதவில்லை" என்று வைத்துவிடலாம். அதன் பிறகு உங்கள் கடிதம் ‘போலி என்று உறுதிப்படுத்தப்பட்ட’ கடிதம். ஆகவே விசாரணை கேட்கும்போது யாரை, எந்த வழியில், எந்தப் பெயரும் வெளிவராமல் கேட்க வேண்டும் என்று நாமே எழுதிக் கொடுப்பது நல்லது.

இப்போது மற்றப் பக்கம். தேடிப்போகும் கடமை இல்லாத அதே தீர்ப்பாயத்துக்கு, தன் கையிலும் மனதிலும் இருப்பதை மறைக்காமல் வைக்கும் கடமை இருக்கிறது. இங்கே கோர்ட்டுகள் அவ்வளவு கஞ்சத்தனம் காட்டவில்லை.

2006இல் தீர்ந்த எஸ்.இசட்.பி.ஈ.எல். வழக்கைப் பாருங்கள். ஈரான் கப்பலோட்டி ஒருவர், போர்ட் கெம்ப்லா துறைமுகத்தில் கப்பலை விட்டு ஓடியவர். கிறிஸ்தவத்தின் பக்கம் சாய்ந்தது தெரிந்துவிட்டதால் ஊரில் ஆபத்து என்றார். திணைக்களம் ஒரு காரணத்துக்காக மறுத்தது. தீர்ப்பாயம் போனபோது, அவர் கதையில் மூன்று பகுதிகள் நம்பும்படி இல்லை என்று முடிவெழுதிவிட்டது, அவற்றில் இரண்டைத் திணைக்களம் சந்தேகிக்கவே இல்லை. விசாரணை நாளில் அந்தச் சந்தேகத்தைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை இல்லை. ஹைகோர்ட் அதை ரத்துச் செய்தது. திணைக்களம் தொடாத விஷயம் ஒன்றை வைத்து மறுக்கப்போவதாக இருந்தால், அது பிரச்சினையில் இருக்கிறது என்று விண்ணப்பதாரருக்குத் தெரியப்படுத்த வேண்டும். "நீ பொய் சொல்கிறாய்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லத் தேவையில்லை. "இதை நம்பக் கஷ்டமாக இருக்கிறதே, ஏன் அப்படி நடந்தது" என்ற தோரணையிலாவது கேட்க வேண்டும்.

2005இல் வீல் என்ற வழக்கு. எரித்திரியாக்காரர். அவருக்கு எதிராகத் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் வந்தது. மொட்டைக் கடிதம் அல்ல, எழுதியவர் பெயரும் விலாசமும் கொடுத்துவிட்டு, வெளியே விடாதீர்கள் என்று கேட்டிருந்தார். தீர்ப்பாயம் முடிவில், ஒரு கடிதம் வந்தது, அதற்கு நான் எந்த எடையும் கொடுக்கவில்லை என்று எழுதியது. எடை கொடுக்காவிட்டால் என்ன குறை? ஹைகோர்ட் அப்படி விடவில்லை. நம்பக்கூடியதும், பொருத்தமானதும், முடிவைப் பாதிக்கக்கூடியதுமான தகவல் கையில் இருந்தால், எழுதியவர் யார் என்பதை மறைத்தாவது சாரத்தை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றது. நம் சமூகத்தில் பழைய கோபத்துக்குக் கடிதம் போடுகிறவர்கள் இல்லாமலில்லை, தெரிந்துவைத்துக் கொள்ளுங்கள்.

எழுத்தில் அறிவிக்கச் சொன்ன பழைய 424ஏ பிரிவைப் பற்றி நீளமாக எழுத விரும்பவில்லை, அது ஒரு தனிக் காடு. பாதகமான தகவலை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்ற விதியை, மகளின் சாட்சியத்தைத் தாய்க்கு அப்படிக் கொடுக்காத ஒரு வழக்கில் 2005இல் மிகக் கண்டிப்பாக அமல்படுத்தினார்கள். 2007இல் அதன் கூர் மழுங்கியது. உங்கள் பேச்சில் நான் காணும் முரண்பாடும் என் சந்தேகமும் ‘தகவல்’ ஆகாது என்றுவிட்டார்கள். பொதுவான நாட்டு நிலவர அறிக்கைகளுக்கும் விலக்கு உண்டு. 2002க்குப் பிறகு, சட்டத்தில் எழுதியிருக்கும் இந்த நடைமுறைகளே இயற்கை நீதி முழுவதும், கோர்ட் தீர்ப்புகளால் வளர்ந்த பழைய பொதுச் சட்டத்தைக் கொண்டு வராதே என்றும் ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். அதனால் மனுவில் வெறுமனே "இயற்கை நீதி மீறல்" என்று எழுதினால் நீதிபதி கேட்கும் முதல் கேள்வி, எந்தப் பிரிவின் கீழ் என்பதுதான்.

இந்தச் சட்டத்தின் கணிசமான பகுதி நம் ஆட்களின் முதுகில் ஏறித்தான் வளர்ந்தது. 2010 நவம்பரில் வந்த எம்61 தீர்ப்பில் வழக்காளிகள் இருவரும் 2009இல் கிறிஸ்மஸ் தீவுக்குப் படகில் வந்த இலங்கைத் தமிழர்கள். பெருநிலக் கரைக்கு வெளியே வந்திறங்கியவர்களுக்கு அவுஸ்திரேலியச் சட்டமும் கோர்ட்டும் பொருந்தாது என்று அரசு நினைத்து நடத்திய மீளாய்வை, ஏழு நீதிபதிகளும் ஒருமித்து, அது நியாயமாக நடக்க வேண்டும் என்றார்கள். சொன்ன காரணங்களில் ஒன்றை ஆராயாமல் விட்டது, பாதகமான நாட்டுத் தகவலை முன்வைக்காதது, இவை அங்கே குறையாக நின்றன. 2020இல் ஏ.பி.டி.17 வழக்கும் ஒரு இலங்கைத் தமிழருடையது. திணைக்கள அதிகாரி அவரை நேரில் கண்டு, பேச்சையும் முகத்தையும் பார்த்து, சொன்னதில் ஒரு பகுதியை நம்பினார். விசாவை வேறு காரணத்தால் மறுத்தார். மேலே இருந்த ஐ.ஏ.ஏ. எனும் குடிவரவு மதிப்பீட்டு அமைப்பு ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, அந்தப் பகுதியையும் நம்பவில்லை என்றது, ஆளைக் கூப்பிடாமலே. கூப்பிட்டுப் பார்க்காமல் அப்படி மாற்றுவது அறிவுக்குப் பொருந்தாது என்றது ஹைகோர்ட். அதே வருடம் இன்னொரு வழக்கில், முகவர் வேறு யாருடைய கதையையோ ஒட்டி அனுப்பியிருந்தார். இது இவருடையது அல்ல என்று தெரிந்தும், சரியானதை அனுப்புங்கள் என்று ஐ.ஏ.ஏ. கேட்கவில்லை. அந்த முடிவும் கோர்ட்டில் விழுந்தது. ஜன்னல் சின்னதுதான், ஆனால் ஆட்கள் அதன் வழியாகப் போயிருக்கிறார்கள்.

இனி உங்கள் மச்சானுக்கு. முதல் வேலை, விசாரணையின் ஒலிப்பதிவைக் கேட்டு வாங்குங்கள். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேளுங்கள், பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்த ஒருவர் இருக்கட்டும். முடிவில் மறுப்புக்குச் சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும், உறுப்பினர் அதை அவரிடம் கேட்ட நிமிடம் எது என்று குறியுங்கள். கேட்காத காரணம் ஒன்று அகப்பட்டால், திணைக்களத்தின் முடிவில் அது இருந்ததா என்று பாருங்கள். இரண்டிலும் இல்லையென்றால் கப்பலோட்டியின் வழக்கு உங்களுடையது.

மொழிபெயர்ப்பையும் கவனியுங்கள். பெரியப்பா மகனை நாங்கள் அண்ணா என்போம், ஆங்கிலத்தில் பிரதர் என்று போய்விடும். மூன்று மாதம் கழித்துப் படிவத்தில் சகோதரர்கள் இல்லை என்று இருக்கும், அது ‘முரண்பாடு’ ஆகிவிடும். "இயக்கத்துக்குச் சாப்பாடு குடுத்தனாங்கள்" என்பதில் வீட்டார் எல்லோரும் கொடுத்தோமா நான் கொடுத்தேனா என்பதும், விரும்பிக் கொடுத்ததா வற்புறுத்தலில் கொடுத்ததா என்பதும் மொழிபெயர்ப்பில் ஆவியாகிவிடும். சென்னைத் தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளருக்கு "பொடியள் வந்து மறிச்சவங்கள்" என்பதில் பொடியள் என்றால் இயக்கப் போராளிகள் என்று புரியாமல் ‘சின்னப் பையன்கள்’ என்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். நம்பகத்தன்மை உடைந்தது இப்படியொரு இடத்திலென்றால் அது போன் அடிக்காததைவிடக் கனமான வாதம்.

அப்புறம் ஃபாதர். அவரிடம் சத்தியக்கடதாசி ஒன்று வாங்கப் பாருங்கள்: தன்னை அழைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார், அந்த நாட்களில் அந்த நம்பர் வேலை செய்ததா, தான் நேரில் கண்டது எது, கேள்விப்பட்டது எது. தீர்ப்பாயத்திடம் "அழைத்துக் கேளுங்கள்" என்று மச்சானோ பிரதிநிதியோ எழுத்தில் கேட்டிருந்தாரா என்றும் தேடுங்கள். கேட்டிருந்தால் உங்கள் நிலை பலம். ஆனால் அந்தக் கோரிக்கையைப் பற்றி முடிவில் எழுதவில்லை என்பதாலேயே அதைக் கவனிக்கவில்லை என்று ஆகிவிடாது என 2011இல் ஒரு நேபாளக்காரரின் வழக்கில் சொல்லிவிட்டார்கள், அதையும் நினைவில் வையுங்கள். குறை இருந்தது என்று மட்டும் காட்டினால் போதாது. அந்தக் குறை இல்லாதிருந்தால் முடிவு வேறாக வந்திருக்க நடைமுறைச் சாத்தியம் இருந்தது என்றும் காட்ட வேண்டும். 2024இல் ஹைகோர்ட் அதை இன்னொரு முறை உறுதியாகச் சொன்னது. சத்தியக்கடதாசி அங்கேதான் கைகொடுக்கும்.

கோர்ட்டில் யாரும் மச்சான் அகதியா என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். வென்றால் கோப்பு மீண்டும் தீர்ப்பாயத்துக்கே போகும், அப்போது ஃபாதரை விசாரணை நாளில் போன் வழியாகச் சாட்சியாக எடுக்கும்படி எழுத்தில் கேட்கலாம். கோர்ட்டுக்கு மனுப் போடக் காலம், தீர்ப்பாய முடிவின் திகதியிலிருந்து 35 நாள். கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. எத்தனை நாள் போய்விட்டது என்று நீங்கள் எழுதவில்லை. இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். கடந்துவிட்டால் கால நீடிப்புக் கேட்கலாம், ஆனால் தாமதத்துக்குக் காரணமும், வழக்கில் சத்து இருக்கிறது என்பதும் இரண்டையும் காட்ட வேண்டி வரும்.